பொருந்தியதா, பொருத்தப்பட்டதா?

இழை வலுவூட்டிய கூட்டுப்பொருள்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். மைசூரில் எழுதப்பட்டாலும் கோயம்புத்தூரில் எழுதப்பட்டாலும் அதன் சொற்கள் அதிகம் மாறுவதில்லை. ‘கணினி உருவகப்படுத்தலின் முடிவுகள் சோதனை முடிவுகளோடு நன்கு ஒத்துப்போகின்றன.’ வாக்கியத்திற்கு மேலே நீலத்திலிருந்து சிவப்புவரை வண்ணம் தீட்டிய ஒரு படம். கீழே இரண்டு கோடுகள் ஒன்றையொன்று தழுவிச் செல்லும் ஒரு வரைபடம். வழிகாட்டி மகிழ்கிறார், புறத்தேர்வாளர் தலையசைக்கிறார், இதழ் ஏற்றுக்கொள்கிறது. அந்த வாக்கியத்தை எவரும் இலக்கணம் பார்த்துப் படிப்பதில்லை. படித்தால், எழுவாயும் பயனிலையும் இருக்கின்றன, செய்தவரும் செய்த காலமும் காணாமற்போயிருக்கின்றன என்பது புலப்படும்.

தமிழில் இதை எழுத முயல்பவர் உடனே ஒரு தெரிவுக்குத் தள்ளப்படுகிறார். பொருந்துதல் தன்வினை; பொருத்துதல் பிறவினை. திருந்து, திருத்து, வருந்து, வருத்து என்னும் இணைகளைப் போன்றதே இதுவும். மெல்லொற்று வல்லொற்றாகும் அந்த ஒரு மாற்றத்தில் வினையின் பொறுப்பு பொருளிடமிருந்து ஆளிடம் போய்விடுகிறது. கணினியின் கோடு சோதனையின் கோட்டோடு பொருந்தியதா? அல்லது சோதனையின் கோடு கைக்கு வந்த பிறகு கணினியின் கோடு அதற்கேற்பப் பொருத்தப்பட்டதா? முன்னது கணிப்பு. பின்னது பொருத்தல். இரண்டும் நேர்மையான வேலைகளே. இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதன் பெயரைச் சூட்டுவதுதான் நேர்மையற்றது. இவ்வகை ஆய்வேடுகளில் கணிப்பு என்ற பெயரில் உலவுவன பலவும் பொருத்தலே என்பது இங்கு வைக்கப்படும் குற்றச்சாட்டு.

கூட்டுப்பொருளின் வகையில் இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு கூர்மை பெறுகிறது என்பதற்கு மைசூரிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. 1891இல் தொடங்கப்பட்ட கீழ்த்திசை நூலகம், இன்றைய கீழ்த்திசை ஆய்வு நிறுவனம், ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகளைக் காத்துவருகிறது. 1905இல் ஆர். சாமசாஸ்திரி அர்த்தசாஸ்திரச் சுவடியை அங்கேதான் இனங்கண்டார். 1909இல் அது அச்சேறியது. பனையோலையில் நார்கள் நீளவாட்டில் ஓடுகின்றன. நீளவாட்டில் இழுத்தால் ஓலை தாங்கும். அதே நீளவாட்டில் எழுத்தாணி சற்று ஆழமாகக் கீறினால் பிளந்துவிடும். (தென்னிந்திய எழுத்துகள் வளைந்ததற்கு இதுவே காரணம் என்பார் உண்டு. அது தனி வழக்கு, இங்கே தீர்க்கவேண்டியதில்லை.) திசைக்குத் திசை குணம் மாறும் பொருளோடு எவ்வாறு பழகவேண்டும் என்பதை ஏடெழுதியவர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்.

அந்த அறிவை எண்களாக எழுதினால் நிலைமை விளங்கும். எஃகின் மீட்சித்தன்மையைச் சொல்ல இரண்டு எண்கள் போதும்: யங் குணகம், பாய்சான் விகிதம். ஒரே திசையில் இழைகள் கிடத்தப்பட்ட மெல்லிய தகட்டிற்கு அதன் தளத்திற்குள் மட்டுமே நான்கு எண்கள் வேண்டும். மூன்று செங்குத்துத் திசைகளிலும் வெவ்வேறு குணமுடைய பொருளுக்கு முப்பரிமாணத்தில் ஒன்பது வேண்டும். கார்பன் இழையும் எபாக்சிப் பிசினும் சேர்ந்த தகட்டின் விறைப்பு இழைவழியே ஏறத்தாழ 140 கிகாபாஸ்கல். குறுக்கே 10 கிகாபாஸ்கல் அளவே. வலிமையில் இடைவெளி இன்னும் பெரிது. இழைவழியே 1500 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும் தகடு குறுக்கே 50 மெகாபாஸ்கல் அளவிலேயே பிளந்துவிடும். ஆயினும் ஒருதிசையில் அடுக்கிய வாழைநார்த் தகட்டிற்கு, எஃகுக்குக் கொடுப்பதுபோல் இரண்டே எண்களைக் கொடுத்துக் கணக்கிட்ட கட்டுரைகள் வெளிவரத்தான் செய்கின்றன. நறுக்கிய நாரைத் தாறுமாறாகப் பரப்பிய பாய்க்கு அந்த எளிமைப்படுத்தல் தளத்தளவில் ஓரளவு தகும். ஒருதிசை அடுக்குக்கு எவ்வகையிலும் தகாது. மென்பொருள் மறுப்புச் சொல்வதில்லை. ஆன்சிஸாயினும் அபாகஸாயினும் கொடுத்த எண்ணுக்கு விடை தருபவை. வண்ணப்படம் வந்துவிடும்.

முறைகளுக்குப் பஞ்சமில்லை என்பதையும் சொல்லவேண்டும். சில இழைகளையும் அவற்றைச் சூழ்ந்த பிசினையும் கொண்ட ஒரு சிறு கனசதுரத்தை எடுத்து, அதுவே எல்லாத் திசையிலும் மீண்டும் மீண்டும் வருவதாகக் கொண்டு, முழுப்பொருளின் குணத்தைக் கணிக்கும் நுண்ணளவு முறை உண்டு. அடுக்குகளைத் தனித்தனித் தகடுகளாகக் கொண்டு அவற்றின் கோணங்களைச் சேர்த்துக் கணக்கிடும் அடுக்குத்தகட்டுக் கோட்பாடு உண்டு. எப்போது முறியும் என்பதற்கு 1971இல் சாய், வூ இருவரும் தந்த அளவுகோலும், இழை முறிவையும் பிசின் முறிவையும் பிரித்துப் பார்க்கும் ஹாஷினின் 1980ஆம் ஆண்டு அளவுகோலும் பாடநூல்களில் உள்ளன. முறிவு தொடங்கிய பிறகு அது எவ்வாறு பரவும் என்பதற்குச் சேதக் கோட்பாடுகளும், அடுக்குகள் பிரிவதற்கு ஒட்டுப்பரப்புக் கூறுகளும் இருக்கின்றன. இவை யாவும் ஆழமான சிந்தனையின் விளைச்சல்கள். குறை கருவியிடம் இல்லை.

குறை எங்கே நுழைகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். கார்பன் இழையின் விறைப்பு 230 கிகாபாஸ்கல், எபாக்சியின் விறைப்பு 3.5, இழையின் பங்கு 60 விழுக்காடு எனக் கொண்டால், 0.6 × 230 + 0.4 × 3.5 = 139.4. இழைவழி விறைப்பு கிடைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வோய்ட் வகுத்த கலவை விதி இது. பென்சிலும் துண்டுத்தாளும் போதும். முடிவுறு கூறு முறையில் இலட்சம் கூறுகளாகப் பகுத்து, இரவெல்லாம் கணினியை ஓடவிட்டு, இழைவழி விறைப்பில் 5 விழுக்காட்டுப் பிழைக்குள் ஒத்துப்போனது என்று அறிவிப்பது எதை நிறுவுகிறது? கூட்டல் சரியாக நடந்தது என்பதை. விறைப்பில் வென்றுவிட்டு வலிமையிலும் வென்றதாக முடிவுரையில் எழுதிவிடுவது இத்துறையின் பழகிப்போன தாவல்.

வலிமைக்கு வரும்போதுதான் திருகுகள் தோன்றுகின்றன. இழைக்கும் பிசினுக்கும் இடையிலான ஒட்டுப்பரப்பின் வலிமையை நேரடியாக அளப்பது கடினம். எனவே அது ‘இலக்கியத்திலிருந்து’ எடுக்கப்படுகிறது. முறிவு ஆற்றல் இன்னொரு கட்டுரையிலிருந்து, பெரும்பாலும் வேறொரு பிசினுக்கானது. கணக்கு நடுவில் நின்றுவிடாமலிருக்க மென்பொருளில் சேர்க்கும் செயற்கைப் பிசுக்குமை மூன்றாம் திருகு. நான்காவது எவர் கண்ணுக்கும் படாதது: கூறுகளின் அளவு. பொருள் தளரத் தொடங்கிய பிறகு, விரிசலில் செலவாகும் ஆற்றல் கூறின் அளவைப் பொறுத்து மாறிவிடும். பாசாந்தும் ஓவும் 1983இலேயே இதற்கு மருந்து சொல்லிவிட்டார்கள். அந்த மருந்தைச் சேர்க்காத மாதிரியில் வலையை நுண்ணிதாக்கினால் ஒரு வலிமை, பருமனாக்கினால் மற்றொரு வலிமை. சோதனைக் கோடு மேசைமேல் இருக்கும்போது, அதனோடு சேரும் வலையையே ‘உகந்த வலை’ என்று தேர்ந்துகொள்வது எவ்வளவு எளிது!

இத்தகைய திருகுகளைப் பற்றி இயற்பியலில் புகழ்பெற்ற நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1953இல் ஃப்ரீமன் டைசன் தம் மாணவர்களோடு செய்த கணக்கை எடுத்துக்கொண்டு சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மியைப் பார்க்கப் போனார். ஃபெர்மியின் அளவீடுகளோடு அக்கணக்கு நன்கு ஒத்துப்போயிருந்தது. அதில் விருப்பப்படி வைத்துக்கொண்ட அளவுருக்கள் எத்தனை என்று ஃபெர்மி கேட்டார். நான்கு என்றார் டைசன். நான்கு இருந்தால் யானையையே பொருத்திவிடலாம், ஐந்தாவது கிடைத்தால் தும்பிக்கையை ஆட்டவும் செய்யலாம் என்று ஃபான் நொய்மன் சொல்வதுண்டு என்பதை ஃபெர்மி நினைவூட்டினார். டைசனின் குழு அந்தப் பாதையை விட்டு வேறு ஆய்வுக்குத் திரும்பியது. தசராவுக்கு ஆண்டுதோறும் யானைகளைப் பார்க்கும் ஊரில், ஆய்வுக்கூடத்து யானைகளையும் எண்ணத் தெரிந்தவர்கள் வேண்டும்.

கூட்டுப்பொருள் துறை தன்னைத்தானே இந்தக் கேள்விக்கு உட்படுத்திக்கொண்ட காலமும் உண்டு. 1990களில் பிரிட்டனில் ஹின்டன், சோடன், கதூர் ஆகிய மூவரும் உலகளாவிய முறிவுப் பயிற்சி என்ற ஒன்றை ஏற்பாடு செய்தனர். முறிவுக் கோட்பாடுகளை வகுத்தவர்களையே அழைத்து, எல்லோருக்கும் ஒரே பொருள்தரவுகளை வழங்கி, 14 நேர்வுகளுக்கு விடை எழுதித் தரச் சொன்னார்கள். சோதனை முடிவுகளைத் தரவில்லை. விடைகள் 1998இல் அச்சேறின. அதன் பிறகே சோதனை முடிவுகள் வெளியிடப்பட்டு, 2002இல் ஒப்பீடு வந்தது. 2004இல் எல்லாம் ஒரு நூலாயிற்று. இறுதியில் அதில் இடம்பெற்றவை 19 கோட்பாடுகள். ஒரே பொருள், ஒரே தரவு, ஒரே சுமை. ஆயினும் சில நேர்வுகளில் ஒருவரின் எண் மற்றவரின் எண்ணைப் பல மடங்கு விஞ்சியது. முன்வரிசையில் வைக்கப்பட்ட கோட்பாடுகளும், சாயினுடையதும் புக்கினுடையதும் உட்பட, எல்லா நேர்வுகளிலும் தேறவில்லை.

இந்த வரலாற்றில் கவனிக்கவேண்டியது ஆண்டுகளின் வரிசை. 1998 முன்னே, 2002 பின்னே. எழுதிக் கொடுத்த எண்ணைத் திரும்பப் பெற வழியில்லை. தம் பெயரால் வழங்கும் கோட்பாடு பொய்த்துப்போவதை அச்சில் பார்க்க அந்த அறிஞர்கள் இசைந்தார்கள். ஆய்வுத்துறைகளில் இதற்கு ஈடான துணிவு அரிது. இன்று அவர்களுடைய அளவுகோல்களை மென்பொருளின் பட்டியலிலிருந்து சொடுக்கித் தேர்ந்தெடுக்கும் ஆய்வேட்டில் அந்தத் துணிவின் தடம்கூட இல்லை. பதினான்கில் எத்தனையில் தான் தேர்ந்தெடுத்த அளவுகோல் தவறியது என்பதைத் தேடிப் படித்த மாணவர் மிகச் சிலரே இருக்கக்கூடும்.

தொழிலுலகம் இதை வேறுவிதமாகக் கற்றது. போயிங் 787 விமானத்தின் உடலும் இறக்கையும் பெருமளவு கார்பன் இழைக் கூட்டுப்பொருள். 2009ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், நிலைச்சோதனையில் இறக்கையை வளைத்தபோது, அது உடலோடு சேரும் இடத்தில் கணினி காட்டியதைவிட அதிகத் தகைவு எழுந்தது. ஜூன் 23 அன்று முதல் பறப்பு தள்ளிவைக்கப்பட்டது. அந்த இணைப்பை வலுப்படுத்திய பிறகே டிசம்பர் 15இல் விமானம் எழுந்தது. கணினி தோற்றது என்று இதைப் படிப்பது மேலோட்டம். முன்கூட்டிச் சொல்லப்பட்ட எண் ஒன்று இருந்ததால்தான் சோதனையால் அதை மறுக்க முடிந்தது. சோதனை முடிந்த பிறகு மாதிரியைத் திருத்திவிட்டு ‘நன்கு ஒத்துப்போகின்றன’ என்று மட்டும் எழுதும் பழக்கம் அங்கே இருந்திருந்தால், அந்த இணைப்பு அப்படியே வானத்திற்குப் போயிருக்கும். மைசூரிலிருந்து மூன்று மணிநேரத் தொலைவில், பெங்களூரில் 2001 ஜனவரி 4 அன்று முதன்முறை பறந்த தேஜஸின் இறக்கையும் கார்பன் இழையால் ஆனதே. விமானத்துறை எங்கும் பின்பற்றும் ஒழுங்கு ஒன்றுதான்: சிறு துண்டு, பிறகு இணைப்பு, பிறகு பகுதி, பிறகு முழு அமைப்பு என்று ஒவ்வொரு படியிலும் உடைத்துப் பார்த்தே மேலே ஏறுவது. உருவகப்படுத்தல் அங்கே சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. சோதனையின் இடத்தில் தான் அமர்வதில்லை.

இயற்கை நார்களில் நிலைமை இன்னும் மோசம். சணல் நாரின் இழுவலிமைக்கு நூல்களில் தரப்படும் எண் ஏறத்தாழ 400 மெகாபாஸ்கலிலிருந்து 770 வரை பரந்து கிடக்கிறது. நாரின் குறுக்குவெட்டு வட்டமன்று. உள்ளே குழல் உண்டு. நீளமான நார் குட்டையான நாரைவிட விரைவில் அறும், ஏனெனில் நீளம் கூடும்போது பலவீனமான புள்ளி ஒன்று அகப்படும் வாய்ப்பும் கூடுகிறது. ஈரத்தைக் குடித்தால் நார் பருத்துப் பிசினோடு உள்ள பிடிப்பு தளர்கிறது. கடலோரத்து மழைக்காலத்தில் வார்த்த தகடும் கோடையில் மைசூரில் வார்த்த தகடும் ஒன்றல்ல. இவ்வளவு சிதறலுடைய பொருளுக்கு, அந்தப் பரப்பிற்குள் ஏதோ ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, அதுவும் எந்த எண் சோதனையோடு சேருமோ அதையே எடுத்துக்கொண்டு, 3 விழுக்காட்டுப் பிழை என்று அறிவிப்பது நகைப்புக்குரியது. உள்ளே போகும் எண்ணே இருமடங்கு ஆடும்போது வெளியே வரும் எண் 3 விழுக்காட்டில் நிலைத்து நிற்பது, அதை யாரோ பிடித்து நிறுத்தியிருப்பதற்கே அடையாளம்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் தெரிந்தவையே. ஆய்வுக்கூடத்தில் வசதியில்லை என்பது முதலாவது. கார்பன் இழையும் வெப்ப அழுத்தக் கலனும் எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை, உண்மை. ஆனால் கணிப்பை முன்னே எழுதிவைக்க எந்த இயந்திரமும் வேண்டாம். ஒரு தாளும் ஒரு தேதியும் போதும். அளவுருக்களைத் திருத்தாமல் எந்த மாதிரியும் இயங்காது என்பது இரண்டாவது. அதுவும் உண்மை. திருத்தியதைத் திருத்தம் என்று எழுதுவதில் என்ன இழப்பு? ஐந்து துண்டுகளைக் கொண்டு திருத்திவிட்டு, வேறு அடுக்குக் கோணமுடைய ஆறாவது துண்டைக் கணித்துச் சொன்னால், அந்த ஒரு கணிப்பு முந்தைய ஐந்து ஒப்பீடுகளைவிட மதிப்புடையது. மூன்றாவது சமாதானம் வெளியே சொல்லப்படுவதில்லை: கணிப்பு பொய்த்தால் கட்டுரை வெளிவராது, கட்டுரை வெளிவராவிட்டால் பட்டம் தாமதமாகும், உதவித்தொகை நின்றுவிடும். இதை மாணவரின் குற்றமாகக் கருத இயலாது. பொய்த்த கணிப்பைத் தோல்வியாக எண்ணும் வழிகாட்டிகளும் இதழ்களுமே இங்கு பொறுப்பாளிகள். எங்கே, எவ்வளவு, ஏன் பொய்த்தது என்று பிரித்துக் காட்டும் ஓர் இயல், ஒத்துப்போகும் இரண்டு கோடுகளைவிட அடுத்து வருபவருக்கு மிகுதியாகப் பயன்படும்.

சொற்களும் இதில் உடந்தை. வெரிஃபிகேஷன், வேலிடேஷன், காலிபரேஷன் என்னும் மூன்றையும் பொறியியலார் பிரித்தே ஆளவேண்டும். சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தோமா என்பது முதலாவது. உலகத்திற்குச் சரியான சமன்பாட்டைத்தான் தீர்த்தோமா என்பது இரண்டாவது. எண்களைச் சோதனைக்கேற்பத் திருத்துவது மூன்றாவது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகம் 2006இல் வெளியிட்ட திண்மப் பொருளியக்கக் கணிப்புக்கான வழிகாட்டி இப்பிரிவை அடிப்படையாகக் கொண்டது. தமிழில் முதலிரண்டும் ‘சரிபார்ப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. பிரித்து எழுத விரும்புவோர் இரண்டாவதைச் ‘செல்லுபடியாக்கல்’ என்கிறார்கள். அச்சொல் தன்னையறியாமல் உண்மையைச் சொல்லிவிடுகிறது: செல்லுபடியாவது வேறு, ஆக்குவது வேறு. ‘மெய்ப்பித்தல்’ என்பதும் பிறவினையே. உலகத்தோடு ஒப்புநோக்கல் என்று நீட்டி எழுதினாலும் குற்றமில்லை, குழப்பம் தீரும். சிமுலேஷனுக்கு வழங்கும் ‘உருவகப்படுத்தல்’ இன்னும் சுவையானது. உவமையில் ‘போல’ இருக்கும்; உருவகத்தில் அது உதிர்ந்து, முகம் மதியாகவே ஆகிவிடும். தண்டியலங்காரம் படித்த மாணவருக்கு இது பழைய பாடம். மாதிரி பொருளைப் போன்றது என்று தொடங்கும் ஆய்வேடு, ஐந்தாம் இயலில் ‘போல’வை உதிர்த்துவிட்டு மாதிரியையே பொருளாக்கிவிடுகிறது.

மானசகங்கோத்ரியில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும், அதன் பொறுப்பில் நடக்கும் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டமும் மைசூரின் பொறியியல் கல்லூரிகளிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. அண்ணா பல்கலைக்கழகம் 2010இலேயே இயந்திரப் பொறியியலைத் தமிழ்வழியில் தொடங்கியது. கலைச்சொல் என்றால் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச்சொல் ஒன்றை நிரப்புவது என்ற எண்ணத்தோடு மொழியியலாரும், சொல் எதுவானால் என்ன என்ற எண்ணத்தோடு பொறியியலாரும் இருக்கும்வரை இம்மூன்று வினைகளும் பிரியப்போவதில்லை. பிரித்துக் காட்டும் வேலை இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்யவேண்டியது. அந்த மேசைக்கு மைசூரைவிட வசதியான ஊர் எளிதில் அகப்படாது.

அதுவரை புறத்தேர்வாளர்கள் வாய்மொழித் தேர்வில் இரண்டு கேள்விகள் கேட்கலாம். கணினியின் கோடு எந்த நாளில் வரையப்பட்டது? துண்டு எந்த நாளில் முறிந்தது? விடைக்கு மாணவரின் நினைவாற்றலை நம்பவேண்டியதில்லை. மென்பொருளின் விடைக்கோப்பு தான் உருவான நாளையும் நேரத்தையும் தானே குறித்து வைத்திருக்கும். கணினியோடு இணைந்த இழுவிசைச் சோதனை இயந்திரத்தின் தரவுக்கோப்பும் அப்படியே. இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துத் திரையில் திறந்து காட்ட ஒரு நிமிடம் ஆகும்.